விசுவாசமும் நித்திய ஜீவனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தின் விசுவாசத்தைத் தாங்களே உறுதிப்படுத்தும் சடங்கு) வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும், துக்க வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள், பதில்களில் அந்த வாசனை இருக்கும். மற்ற சபைகள் வேறுவிதமாகப் போதிக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. கத்தோலிக்க நண்பர்கள் 'நித்திய ஜீவன்' என்று வரும் இடத்தில் 'நிலைவாழ்வு' என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

நித்திய ஜீவன் என்பது செத்த பிறகு கிடைப்பதுதானே?

நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்த்தாளும் அப்படித்தான் நினைத்தாள்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மார்த்தாள் எழுந்து ஊருக்கு வெளியே போய் அவரைச் சந்திக்கிறாள். "உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான்" என்கிறார் அவர். அவள் சொல்லும் பதில், துக்க வீடுகளில் நாம் சொல்லிக்கொள்ளும் அதே பதில்: கடைசி நாளில் எழுந்திருப்பான், அது எனக்குத் தெரியும். சரியான பதில்தான், வேதம் தெரிந்தவள் சொல்லும் பதில். ஆனால் இயேசு அவளை அதோடு விடவில்லை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்கிறார். கடைசி நாளில் வரும் என்று அவள் காத்திருந்த ஜீவன் அந்த ஊர் எல்லையில், அவள் கண்ணுக்கு முன்னால் நின்று அவளோடு பேசிக்கொண்டிருக்கிறது.

யோவான் எழுதிய சுவிசேஷம் முழுவதும் இதே பேச்சுத்தான். "என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு" என்று 5:24-இல் வருகிறது. 'கிடைக்கும்' என்று இல்லை, 'உண்டு' என்று இருக்கிறது. அதே வசனம், அவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்று முடிகிறது. பிடிபட்ட அதே ராத்திரி, அதற்குச் சற்று முன்னால், இயேசு பிதாவிடம் ஜெபித்தபோது நித்திய ஜீவன் எது என்பதையே சொல்லிவிட்டார்: "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" (யோவான் 17:3). ஒருவரை அறிவது, அவரோடு உறவில் இருப்பது. அந்த உறவு இன்றைக்கே ஆரம்பிக்கலாம். சாவு அதை அறுக்காது என்பதுதான் நம் நம்பிக்கை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நித்திய ஜீவனைப் பரலோகத்துக்கான டிக்கெட்டைப் போல நினைத்துவிட்டால், கீழே வரும் எல்லாக் கேள்விகளும் "டிக்கெட் செல்லுமா செல்லாதா" என்ற பயமாகவே மாறிவிடும்.

முடிவே இல்லாமல் வாழ்வது சலித்துப்போகாதா?

பிள்ளைகள்தான் இதை ஒளிவுமறைவில்லாமல் கேட்பார்கள்: "எப்பவும் வெள்ளை அங்கி போட்டுப் பாடிக்கிட்டே இருக்கணுமா?"

வேதாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களில் இருக்கும் காட்சி அதைவிட எவ்வளவோ விரிவானது. ஒரு நகரம் வருகிறது, அதன் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. நடுவே நதி ஓடுகிறது. மாதந்தோறும் கனி தரும் ஜீவ விருட்சம் நிற்கிறது, அதன் இலைகள் ஜாதிகளின் சுகத்துக்கு. ஜாதிகள் தங்கள் மகிமையையும் கனத்தையும் அதற்குள்ளே கொண்டுவருகிறார்கள். "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்று இருக்கிறது, அதாவது செய்ய வேலையும் இருக்கிறது. இதெல்லாம் உருவகம்தான், வரைபடம் அல்ல. ஆனால் சலிப்பான இடத்தைப் பற்றி யாரும் இப்படி எழுதமாட்டார்கள்.

விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதா?

இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது (1 கொரிந்தியர் 15) உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்கிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வது போலத்தான் அது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். கண்ணை மூடச் சொல்கிறவர் இப்படி எழுதமாட்டார்.

அதே சமயம், ஆதாரங்களைக் கேட்டு "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டுவது மட்டும் விசுவாசமாகிவிடாது. யாக்கோபு இதைப் பட்டென்று சொல்வார்: தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, நடுங்கவும் செய்கின்றன. அவற்றுக்குத் தகவல் இருக்கிறது, நம்பி ஒப்புக்கொடுப்பது இல்லை. அந்த ஒப்புக்கொடுத்தலைத்தான் வேதம் விசுவாசம் என்கிறது. போகும் இடம் இன்னதென்று அறியாமல் ஆபிரகாம் புறப்பட்டுப் போனான். இடம் தெரியாவிட்டாலும் கூப்பிட்டவரை அவனுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அடிக்கடி சந்தேகம் வருகிறது. அப்படியானால் விசுவாசமே இல்லையா?

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். சிறுவயதிலிருந்தே வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகன் அவருக்கு. சீஷர்களிடம் கொண்டுவந்தார், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், வேதபாரகர் ஒரு பக்கம் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மகன் தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரளுகிறான். எத்தனை நாளாக இப்படி என்று இயேசு விசாரிக்கிறார். "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று அந்தத் தகப்பன் இழுக்கிறார். ஏமாந்து ஏமாந்து களைத்துப்போன மனிதரின் 'கூடுமானால்' அது. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும் அழுகையோடு கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முதலில் உன் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று சொல்லவில்லை. பையனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். பாதி சந்தேகத்தோடு வந்த அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

பரிசலில் ஆற்றைக் கடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறுவார், இன்னொருத்தர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அக்கரை சேர்கிறார்கள், ஏனென்றால் சுமப்பது பரிசல். உங்கள் விசுவாசம் எவ்வளவு பலமானது என்று தினமும் அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். யார்மேல் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். கடுகுவிதையளவு போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சந்தேகத்தைப் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை நம்பமுடியாத தோமா தன் சந்தேகத்தை மற்ற சீஷர்கள் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார், அவர்களோடேயே இருந்தார், எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. போதகரிடமோ நம்பிக்கையான ஒரு பெரியவரிடமோ வாய்விட்டுக் கேளுங்கள்.

"உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் வியாதி குணமாகவில்லை" என்கிறார்களே?

இந்த வார்த்தையைக் கேட்டு மனமுடைந்து போனவர்களை எனக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், அவர் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த அக்கா வலிக்கு அழுததைவிட, "நான் சரியா நம்பலையோ" என்று அழுததுதான் அதிகம். நோயாளியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது ஊழியம் ஆகாது. இதை நான் அழுத்தித்தான் சொல்கிறேன்.

வேதத்தையே பார்ப்போம். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனுக்கு, தன்னைக் குணமாக்கியவர் யார் என்பதுகூடத் தெரியாது. அவனிடம் எந்த விசுவாசத்தை அளந்து பார்த்தார்கள்? கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை இயேசு சுகமாக்கியபோது, தூக்கிக்கொண்டு வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. மறுபக்கம் பவுலைப் பாருங்கள். மாம்சத்திலே இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் கிடைத்த பதில். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்?

தேவன் குணமாக்குகிறார், அதற்காக ஜெபிக்கிறோம், ஜெபிக்கத்தான் வேண்டும். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். குணமாகாத வியாதியோடும் ஒருவர் நித்திய ஜீவனில் இருக்கமுடியும். உயிரோடு எழுப்பப்பட்ட லாசருவும் பிற்பாடு ஒருநாள் இறந்துதான் இருப்பார்.

விசுவாசம் மட்டும் போதுமா, நல்ல செயல்களும் வேண்டுமா?

ஐரோப்பாவில் சபை இரண்டாகப் பிளந்ததற்கு இந்தக் கேள்வி ஒரு முக்கியக் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பவுல் எபேசியருக்கு எழுதுகிறார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." யாக்கோபோ, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார். இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் இருவர் முன்னாலும் நிற்கும் ஆட்கள் வேறு. பவுல் பேசுவது, தன் நல்ல செயல்களைக் காட்டி தேவனிடம் கூலி கேட்கிறவரிடம். யாக்கோபு பேசுவது, துணியில்லாமலும் சாப்பாடில்லாமலும் நிற்கிறவரிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லிவிட்டு எதுவும் கொடுக்காமல் அனுப்புகிற விசுவாசியிடம். பவுலும் அடுத்த மூச்சிலேயே, நற்கிரியைகளைச் செய்யும்படி நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று எழுதிவிடுகிறார் (எபேசியர் 2:10).

1517-இல் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துக் கிளம்பினார். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்பது அவருடைய போதனையின் உயிர்நாடி ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில், 1547-இல், இதற்கு மறுப்பாகத் தன் போதனையை வெளியிட்டது. ஒருவரையொருவர் சபித்துக்கொண்டு நூற்றாண்டுகள் ஓடின. அப்புறம் 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில், தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நற்செயல்களுக்கு ஆவியானவர் நம்மைப் பலப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். மெத்தடிஸ்ட் சபைகள் 2006-லும், சீர்திருத்த சபைகள் 2017-லும் இதில் சேர்ந்துகொண்டன. கருத்து வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும், "அவர்கள் செயலால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்று நம் பக்கத்திலும், "இவர்களுக்கு நற்செயலே வேண்டாமாம்" என்று அவர்கள் பக்கத்திலும் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க சகேயுவிடம் போகவேண்டும். ஊர் வெறுத்த ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன் அவன். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொல்கிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப, என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகுதான்.

வாழ்க்கை முழுவதும் தப்பாக வாழ்ந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் மனந்திரும்பினால்?

சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, திருவிருந்து இல்லை, திருப்பிக் கொடுக்க ஒரு காசும் இல்லை, ஆணியடித்த கையால் இனி ஒரு நன்மையும் செய்ய முடியாது. "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது.

அநியாயமாகத் தெரிகிறதா? இயேசு சொன்ன உவமையில், சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலியா என்று திராட்சத்தோட்டத்தில் முறுமுறுத்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தக் கள்ளன் தள்ளிப்போட்டவன் அல்ல. அவனுக்கு வாய்ப்பு வந்த அன்றே பிடித்துக்கொண்டான்.

ஞானஸ்நானம் பெறாவிட்டால் நித்திய ஜீவன் இல்லையா?

வழக்கமான பாதையில் விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்தே வருகின்றன. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில் விசுவாசித்தான், பவுல் சீலா இருவருடைய காயங்களையும் கழுவினான், உடனே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். குழந்தைக்குக் கொடுக்கலாமா, வளர்ந்த பிறகா, தெளிப்பதா, முழுக்குவதா என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. பெற விரும்பியும் பெற முடியாமல் இறந்தவரைத் தேவன் தள்ளுவதில்லை என்பதைப் பெரும்பாலான சபைகள் ஏற்கின்றன. வீட்டாரின் எதிர்ப்பினால் காத்திருக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவுடன் என்ன நடக்கிறது?

ஆத்துமா பரலோகம் போய்ச் சேர்வதோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விசுவாசப்பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் சொல்வது சரீர உயிர்த்தெழுதலை. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களைப் பார்த்துச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், பொரித்த மீன்துண்டை அவர்கள் முன்னால் சாப்பிட்டும் காட்டினார். கைகால்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆவி மட்டும் தப்பித்துப் போவது அல்ல, தேவன் படைத்த உடம்பும் மீட்கப்படுவதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை.

அந்த நாள்வரைக்கும்? தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பதையே பவுல் விரும்பினார். அது போதுமான பதில் என்று நான் நினைக்கிறேன். கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை (இறந்த பிறகு ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலையை) நம்புகிறார்கள், இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீர்திருத்தச் சபைகளில் அந்தப் போதனை இல்லை. இறந்தவரைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டு, அவருக்காக நன்றி சொல்கிறோம்.

இயேசுவை ஏற்றுக்கொள்ளாமலே இறந்துபோன என் அம்மா?

முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் பலர் மனதுக்குள் வைத்து மருகும் கேள்வி இது. நல்ல அம்மா. பசித்து வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர். பிள்ளை கோயிலுக்குப் போகிறதா சர்ச்சுக்குப் போகிறதா என்று பார்க்காமல் சோறு போட்டவர். அவர் எங்கே இருக்கிறார்?

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்ற வசனத்தை நான் மழுப்பப் போவதில்லை. இரட்சிப்பு கிறிஸ்துவினால்தான். ஆனால் அந்த இரட்சிப்பு யாரை எட்டும், எப்படி எட்டும் என்பதில் சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. வெளிப்படையான விசுவாசம் இல்லாமல் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்து, உண்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடக்க முயல்கிறவர்களும் மீட்படைய முடியும் என்று போதித்தது.

தீர்ப்புச் சொல்லும் இடம் என்னுடையது அல்ல, உங்களுடையதும் அல்ல, துக்கம் விசாரிக்க வந்து "அவர் நரகத்தில்" என்று சொல்கிறவருடையதும் அல்ல. சோதோமுக்காக மன்றாடிய ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டார். நானும் அங்கேதான் நிற்கிறேன். உங்கள் அம்மாவை உங்களைவிட அதிகமாக நேசிக்கிறவர் அவர். அவருடைய கையில் விட்டுவிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவரும் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார்.

பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்கிறார் இயேசு (யோவான் 10:28). ருசிபார்த்தும் மறுதலித்துப் போனவர்களைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கிறது எபிரெயர் 6. முதல் வசனத்தைச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த சபைகள் அழுத்திப் பிடித்தன, இரண்டாவதை மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரண்டு மரபுகளும் ஒரே சபையில் வந்து சேர்ந்தன. ஒரே கூரையின் கீழ் இருக்கமுடிகிறது.

இழந்துவிட்டேனோ என்று பயப்படுகிறவருக்கு நான் முதல் வசனத்தைத்தான் வாசித்துக் காட்டுவேன். என்ன செய்தாலும் கவலையில்லை என்று இருக்கிறவருக்கு இரண்டாவதை.

எனக்கு நித்திய ஜீவன் உண்டா என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

உணர்ச்சியை வைத்துப் பார்க்காதீர்கள். கூட்டத்தில் கண்ணீர் வந்த ராத்திரி உண்டு என்றும், மறுநாள் காலையில் வறண்டுபோனால் இல்லை என்றும் ஆகிவிடாது. உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கே எழுதினேன் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் சொல்கிறார். அறியலாம் என்கிறார் என்றால் அறியமுடியும். அவர் காட்டும் அடையாளமும் எளிதானது: சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு ஜீவனுக்குட்பட்டோம் என்று அறிந்திருக்கிறோம் (3:14). பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனிடம் மறுபடி பேசவேண்டும் என்று மனம் உறுத்துகிறதா? ஜெபிக்காமல் நாள் போனால் எதையோ விட்டுவிட்டது போல இருக்கிறதா? உள்ளே உயிர் இருப்பதால்தான் அதெல்லாம் நடக்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

யோவான் சுவிசேஷத்திலிருந்து. மொத்தம் 21 அதிகாரம், தினம் ஒன்று போதும். வாசிக்கும் முன், மாற்கு 9-இல் நாம் பார்த்த அந்தத் தகப்பனின் ஜெபத்தையே உங்களுடையதாகச் சொல்லிக்கொள்ளலாம். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். 3-ஆம் அதிகாரத்தில் ராத்திரி நேரத்தில் கேள்வி கேட்க வரும் நிக்கொதேமு, 7-ஆம் அதிகாரத்திலும் 19-ஆம் அதிகாரத்திலும் மறுபடி வருவார். அவர் எப்படி மாறிக்கொண்டே வருகிறார் என்று கவனித்துப் படியுங்கள். கோடு போட்ட இடங்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் போதகரிடம் காட்டிக் கேளுங்கள்.